இடது பின் சக்கரம்

இபுராம் பாய் காரின் இடது பின் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடியில்லாத இரும்பு ரிம்மை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "எப்ப சார் விழுந்துச்சு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், டயர் கடைக்காரர் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்று சொல்ல வாயெடுத்த இன்னாசிமுத்து, "தெரியல பாய், நேத்துதான் கவனிச்சேன்" என்றார். சொல்லி முடித்ததும் எதற்காக இந்தப் பொய் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தால் என்ன? செவ்வாய்க்கிழமை இந்த நாற்கரச் சாலையில் ஆயிரம் வண்டிகள் போயிருக்கும், அதில் நாலைந்து வண்டிகளிலாவது எதாவது கழன்று விழுந்திருக்கும், அதையெல்லாம் பாய் மனசில் குறித்து வைத்துக்கொள்வாரா? ஆனால் செவ்வாய்க்கிழமை என்ற சொல் நான்கு நாட்களாக அவர் வாய்க்குள் ஒரு கூழாங்கல் போலக் கிடந்தது, வெளியே துப்பினால் சத்தம் கேட்கும். கடைக்கு முன்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லி பாய் கை காட்டினார். உட்கார்ந்தார். நாற்காலி வெயிலில் காய்ந்து தொடையைச் சுட்டது. எழுந்து கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துப் போடலாம், ஆனால் நாற்காலியை இழுக்கிற சத்தமும் இப்போது வேண்டாம் என்று இருந்தது. இங்கிருந்து பார்த்தால் பாலம் தெரிந்தது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அவர் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. மணப்பாறையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று டயர் கடைகள் இருந்தன. அங்கே போனால் தெரிந்தவர்கள் கேட்பார்கள், பிசிக்ஸ் வாத்தியார் வண்டி என்ன ஆச்சு என்று கேட்பார்கள், அதனால்தான் முப்பது கிலோமீட்டர் தள்ளி இந்த வெள்ளக்கரடுக்கு வந்தேன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, வேறு வேலை இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திண்டுக்கல்லில் மனைவி ரெஜினாவின் அண்ணன் பேத்திக்கு ஞானஸ்நானம். முடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ரெஜினா பக்கத்து இருக்கையில் மடியில் கைக்குட்டையை விரித்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கார் முழுக்க அந்தத் தோல் வாசனை. பாலத்தின் இறக்கத்தில், சாலையை ஒட்டுப்போட்டிருந்த இடத்தில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங் என்று ஒன்று, பிறகு தகரத்தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து ஆடி அடங்கப் போகும் முன்னால் எழும் ஒரு கரகரப்பு, அதுவும் அரை நொடிதான், பிறகு காற்றுச் சத்தம். "ஏங்க, ஏதோ விழுந்துச்சு, நிறுத்துங்க" என்றாள் ரெஜினா. "கல்லு தெறிச்சிருக்கும்" என்றார் அவர். "கல்லு மாதிரி இல்லங்க." "பின்னாடி லாரி வருது ரெஜினா, பாலத்துல எங்க நிறுத்துறது?" லாரி வந்தது உண்மைதான். ஆனால் அது தூரத்தில் வந்தது. கண்ணாடியில் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், பளபளவென்று வட்டமாக எதுவோ சாலையோரத் தடுப்பை ஒட்டி உருண்டு போவது போல இருந்தது, அதற்கும் பின்னால் ஒற்றை விளக்கு ஒன்று. ஒற்றை விளக்கு என்றால் இருசக்கர வண்டி. அந்த விளக்கு நேராக வந்துகொண்டிருந்ததா, சாய்ந்ததா? இதுதான். இதைத்தான் நான்கு நாளாக அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். முதல் நாள் பார்க்கும்போது விளக்கு நேராக இருந்தது. வியாழக்கிழமை பேப்பரைப் படித்த பிறகு பார்க்கும்போது சாய்ந்திருந்தது. நேற்றைக்கு அது சாய்ந்து, கீழே போய், அணைந்தே விட்டது. எது கண் பார்த்தது, எது பயம் வரைந்தது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. திரும்பத் திரும்பத் தொட்ட இடம் அழுக்காவது போல அந்த ஒரு கணம் கறுத்துப்போய் விட்டது. பார்த்தது நிஜமா என்பதற்கு இனி அவரே சாட்சி இல்லை.

பேப்பரில் அது நாலு வரிச் செய்தி. உள்பக்கத்தில், கிணற்றில் விழுந்த மாட்டை மீட்ட செய்திக்குக் கீழே இருந்தது. தனியார் நூற்பாலைத் தொழிலாளி முத்துக்கருப்பன், வயது முப்பத்து நான்கு, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணியளவில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது வெள்ளக்கரடு பாலத்தில் நிலைதடுமாறித் தடுப்பில் மோதி உயிரிழந்தார், போலீசார் விசாரிக்கின்றனர். அவ்வளவுதான். நிலைதடுமாறி. முப்பது வருஷமாகப் பேப்பர் படிக்கிறார், இந்த வார்த்தை இல்லாத விபத்துச் செய்தியே கிடையாது. எதனால் நிலைதடுமாறினான் என்று எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை, ஏதோ நிலைதடுமாறுவது என்பது சாலையில் தானாகப் பிடிக்கிற ஒரு காய்ச்சல் மாதிரி. பதினொன்றாம் வகுப்புக்கு அவர் சமநிலை நடத்துவார். உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலை, நடுநிலைச் சமநிலை. மேசை மேல் ஒரு புனலை நிமிர்த்தி வைத்து, கவிழ்த்து வைத்து, படுக்கப் போட்டுக் காட்டுவார். பைக் என்பது ஓடுகிற வரைக்கும்தான் நிற்கும். அதன் முன் சக்கரத்துக்கு அடியில் ஒன்றரைச் சாண் அகலப் பிளாஸ்டிக் தட்டு வந்தால் போதும். அதற்குமேல் அவர் நடத்தவேண்டிய பாடம் இல்லை. ஆறரை மணியளவில். அந்த 'அளவில்' என்பதைப் பிடித்துக்கொண்டு வியாழக்கிழமை முழுக்கத் தொங்கினார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஏழு பத்து. அது நிச்சயம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாலத்திலிருந்து வீடு முப்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். அப்படியென்றால் பாலத்தைக் கடந்தது ஆறு முப்பத்தைந்து. அதற்குள் அந்த ஆள் விழுந்திருக்க வேண்டும், விழுந்திருந்தால் நாம் பார்த்திருப்போம், கூட்டம் நின்றிருக்கும், ஆகையால் அவன் விழுந்தது வேறு எதனாலோ. இந்த இடத்துக்கு வந்ததும் மூச்சு சீராகும். உடனே டீ ஞாபகம் வரும். வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தார்களே, பத்து நிமிஷம். அது பாலத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் பாலத்தைக் கடந்தது ஆறு இருபத்தைந்து. ஆறு இருபத்தைந்தும் ஆறரை அளவுதான். டீக்கடையில் ஒரு வேப்பமரம் இருந்தது. ரெஜினா காரைவிட்டு இறங்கவில்லை, கையில் ஆரஞ்சு வாசனையோடு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆரஞ்சு வாசனை இருந்ததா? அப்படியென்றால் உரித்த பிறகு. உரித்துக்கொண்டிருந்தது பாலத்தில். ரெஜினாவைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாள். கேட்க முடியாது. ஏன் கேக்குறீங்க என்று அவள் திருப்பிக் கேட்க மாட்டாள், அதனாலேயே கேட்க முடியாது.

"உங்களுக்கு வீல் கப் ஏன் கழண்டு விழுதுன்னு தெரியுமா சார்?" என்றார் பாய், பக்கத்துச் சக்கரத்தில் இருந்த மூடியை விரலால் நெம்பிக் கழற்றி எடுத்தபடி. அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுக்கச் செம்மண் படிந்திருந்தது. வட்டமாக ஏழெட்டுப் பிளாஸ்டிக் கொக்கிகள், அவற்றை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பி வளையம். "இந்தக் கொக்கியும் கம்பியும்தான் சார் கப்பைப் புடிச்சிருக்கு, போல்ட்டு நட்டு எதுவும் கெடயாது. பிரேக் சூட்டுல பிளாஸ்டிக் நாளாவட்டத்துல காஞ்சு மொறுமொறுன்னு ஆயிரும். பள்ளத்துல எறங்கி ரிம்மு நெளிஞ்சாலும் புடிக்காது. ரிம்மு துருப்புடிச்சு பொருக்குத் தட்டுனாலும் நழுவிரும். டூப்ளிகேட் கப்புன்னா சொல்லவே வேணாம்." பாய் கொக்கி ஒன்றை வளைத்துக் காட்டினார். அது உடையவில்லை. "ஆனா உங்க கப்பு ஒரிஜினல் சார், கொக்கியெல்லாம் சாஃப்ட்டா நல்லா இருக்கு. ரிம்மும் சுத்தமா இருக்கு. இந்த மாதிரி கப்பு தானா விழுகாது. மாட்டுனவன் ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டான். இங்க பாருங்க, இந்தக் கம்பியில ஒரு வளைவு இருக்கா, இது நேரா காத்துப் புடிக்கிற வால்வு மேல வந்து உக்காரணும். அதப் பாக்காம கண்ட எடத்துல வச்சு அமுக்கினா பாதிக் கொக்கி மாட்டும், பாதி மாட்டாது. சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு நாள் தூக்கிப் போட்டா போச்சு. சமீபத்துல பஞ்சர் எதும் பாத்தீங்களா, யாரு மாட்டுனது?" "கடையிலதான்" என்றார் இன்னாசிமுத்து. "அவன் கையத்தான் ஒடைக்கணும்" என்று சொல்லி பாய் சிரித்தார். இன்னாசிமுத்து தன் கைகளைப் பார்த்தார். தொடை மேல் கிடந்தன. சுண்டுவிரல் நகத்தில் சுண்ணக்கட்டித் தூள். இது இரண்டாவது பொய், இதற்கு முதல் பொய்யைவிடக் காரணம் அதிகம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பஞ்சர் ஒட்டி வாங்கி வந்த சக்கரத்தை வீட்டு வாசலில் அவரேதான் மாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆள் கூப்பிடவா என்று கேட்டதற்கு, இதுக்கெல்லாமா என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும் என்ற விதிப்படி முறுக்கி, கடைசியில் மூடியை எடுத்து வைத்து, குதிகாலால் நாலு மிதி மிதித்தார். மூன்று சத்தம் கேட்டது, டிக் டிக் டிக் என்று. மேல் பக்கம் மிதித்தபோது சத்தம் வரவில்லை. வரவில்லை என்பதைக் கவனித்தார். அதுதான், கவனித்தார். தெரியாமல் செய்திருந்தால் வேறு. குனிந்து பார்த்தார், ஒரு பக்கம் நூல் அளவு எழும்பி நின்றது. முதுகு வலித்தது, கை முழுக்கக் கறுப்பு, உள்ளே நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது, போதும் என்று எழுந்துவிட்டார். ஒரு மனிதனுடைய சாவு எங்கே தொடங்குகிறது? பாலத்திலா, ஒட்டுப்போட்ட ரோட்டிலா, நெத்திலிக் குழம்பிலா? அதற்கு அடுத்த வாரம் பூசைக்குப் போய்விட்டு வந்து காரிலிருந்து இறங்கும்போது ரெஜினா குனிந்து பார்த்து, "ஏங்க, இந்தத் தட்டு ஆடுது" என்றாள். "ஆடட்டும், அலங்காரத்துக்கு இருக்கறதுதானே, அது என்ன பண்ணப் போகுது?" என்றார் அவர். அது என்ன பண்ணப் போகுது. தன் குரலிலேயே அது இப்போது காதில் விழுகிறது, வகுப்பில் கடைசி பெஞ்சில் கேள்வி கேட்பவனை அடக்குகிற அதே குரல். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள், கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்? பிள்ளைகள் வெளியே போகும் சார் என்பார்கள். தப்பு, தொடுகோட்டில் போகும் என்று பலகையில் வட்டம் போட்டு, ஒரு கோடு இழுத்து, அம்புக்குறி வைப்பார். அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எந்தப் பையனும் கேட்டதில்லை, அவரும் வரைந்ததில்லை. எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர். கழன்று விழுந்ததும் மூடி அங்கேயே நின்றுவிடாது, வண்டியின் வேகம் முழுக்க அதற்குள்ளும் இருக்கும், கூடவே கொஞ்ச தூரம் ஓடி வரும், பிறகுதான் பின்தங்கி, தடுப்பில் உரசி, திரும்பி, சாலைக்கு நடுவே வந்து, சுண்டிவிட்ட காசு மாதிரிச் சுற்றிச் சுற்றிப் படுக்கும். அதற்கு ஐந்தாறு நொடி. அந்த ஐந்தாறு நொடியில் பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரம் வந்திருப்பான்? இதைக் கணக்காகப் போட்டால் விடை வரும். வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டார். பாதியில் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாய் கழற்றிய மூடியை மறுபடி அமுக்கி மாட்டிவிட்டு, எழுந்து கடைச் சுவர்ப் பக்கம் போனார். அப்போதுதான் இன்னாசிமுத்து அந்தச் சுவரைப் பார்த்தார். ஆணி அடித்து வரிசையாக வீல் கப்புகள் தொங்கின. முப்பது நாற்பது இருக்கும். புதுசு இல்லை, எல்லாமே தேய்ந்தவை, ஓரம் சிதைந்தவை. "இதெல்லாம் ரோட்டுல கெடந்தது சார்" என்றார் பாய். "ஆடு மேய்க்கறவங்க, ரோட்டு வேல பாக்கறவங்க கொண்டாந்து குடுப்பாங்க. உங்க வண்டிக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும், பாத்து எடுத்துக்கலாம்." இன்னாசிமுத்து எழுந்து போனார். கால்கள் தாமாகப் போயின. அவருடைய வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று மூடிகள் இருந்தன, அடுத்தடுத்துத் தொங்கின. ஒன்றில் குறுக்கே விரிசல். இன்னொன்றில் பாதி வட்டத்துக்குக் கறுப்பாக ரப்பர் தேய்ந்த கோடு. மூன்றாவது சுத்தமாக இருந்தது. இதில் எது என்னுடையது? ஆறு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார், இதே கையால் துடைத்திருக்கிறார். ஒரு கீறலைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. கறுப்புக் கோட்டை விரலால் தொட்டார். டயர் ஏறின அச்சா, வேறு கறையா? விரலில் எதுவும் ஒட்டவில்லை. "இதெல்லாம் எப்ப வந்தது பாய்?" "அது கெடக்கு சார், ஒரு மாசம், ரெண்டு மாசம். அந்தச் சுத்தமானது முந்தாநேத்து வந்தது." சுத்தமானது. அப்படியானால் கோடு போட்டது பழையது. அப்படியானால் முந்தாநாள் வந்தது எங்கே கிடந்தது? கேட்டார், கேட்டே விட்டார், "எங்க கெடந்ததாம்?" என்று. பாய் யோசித்தார். "தெரியலயே. பாலத்துப் பக்கமாத்தான் இருக்கும். அங்கதான் ரோடு தூக்கிப் போடுது. செவ்வாக்கிழமகூட ஒருத்தன் அங்க போய்ச் சேந்துட்டான், பாவம், சின்ன வயசு. நாங்கதான் ஓடிப்போய்த் தூக்குனோம்." "எதுல மோதுனாராம்?" "நாய் குறுக்க வந்துச்சுங்கறாங்க, கல்லுல ஏறிட்டாங்கறாங்க. பாத்தவங்க யாரு சார் இருக்கா?" பாய் சுத்தமான மூடியை ஆணியிலிருந்து எடுத்துத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார். வேண்டாம் என்று சொல்ல இன்னாசிமுத்துவுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வேறு எதை எடுப்பது? விரிசல் விட்டதையா, கறுப்புக் கோடு போட்டதையா? பாய் கம்பியின் வளைவை வால்வுக்கு நேராக வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் சுற்றிலும் அமுக்கினார். டிக், டிக், டிக், டிக். இன்னாசிமுத்து எண்ணிக்கொண்டே நின்றார். எட்டு. "கணக்கா உக்காந்துருச்சு பாருங்க, இந்த வண்டியில பொறந்த மாதிரி" என்றார் பாய்.

அப்போது போன் அடித்தது. ரெஜினா. வியாழக்கிழமையிலிருந்து அவள் அவரிடம் அளவாகத்தான் பேசுகிறாள். பேப்பரை அவர் மடித்து அலமாரிக்கு மேலே வைத்திருந்தார், சாயங்காலம் பார்த்தபோது அது மேசை மேல் இருந்தது, அந்தப் பக்கம் மேலே தெரியும்படி. வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு நடந்து போய்க்கொள்கிறேன் என்றுவிட்டாள். இப்போது போனில் அவள் குரலுக்குப் பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. "எங்க இருக்கீங்க?" "டயர் கடையில. நீ எங்க இருக்க?" "நான் அந்த வீட்டுக்குப் போயிட்டு வரேன்." எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. மரியாயின் சேனை என்ற கோவில் சபைப் பெண்களோடு சேர்ந்து துக்க வீடுகளுக்குப் போய்ப் பழகியவள், தெரியாத வீட்டுக்குள் நுழைந்து தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார அவளுக்கு வரும். ஆனாலும் தனியாக, பஸ் ஏறி, ஊர் விசாரித்துப் போயிருக்கிறாள். "ரெண்டு பொண்ணுங்க" என்றாள் ரெஜினா. "பெரியவ மூணாவது படிக்குது. யாரு, எந்த ஊருன்னு கேட்டாங்க. செபிக்க வந்தேன்னு சொன்னேன். காப்பி குடுத்தாங்க." ஒரு ஹாரன் சத்தம் அடங்கியதும் தொடர்ந்தாள். "ஏங்க, அவரு குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்காங்களாம். எதனால விழுந்தாருன்னு தெரியல, ரோட்டுல ஒண்ணும் இல்ல, அப்ப குடிச்சுத்தான் இருப்பாருன்னு எழுதிட்டாங்களாம். அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரரு தொட்டதே இல்லம்மா, சத்தியமா தொட்டதே இல்லன்னு திரும்பத் திரும்ப அதையேதாங்க சொல்லுது. செத்ததுக்கு அழுவல, இதுக்குத்தான் அழுவுது. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்களாம். அவங்க மாமியாரே நம்பலயாம்." அவர் ம் என்றார். "நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியது நான் இல்ல" என்றாள் ரெஜினா. "போய்ச் சொல்லிட்டு வாங்க. அது தட்டா இல்லாமலும் இருக்கலாம். ஆனா ரோட்டுல ஒண்ணு கெடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியட்டும்." போன் அணைந்துவிட்டது. ரோட்டுல ஒண்ணும் இல்ல. ஏனென்றால் கிடந்ததை ஒரு ஆடு மேய்க்கிறவன் எடுத்துவிட்டான், எடுத்து ஆணியில் மாட்டியாகிவிட்டது, ஆணியிலிருந்து எடுத்து இதோ மறுபடியும் சக்கரத்தில் மாட்டியாகிவிட்டது. அல்லது இது வேறு எவனோ ஒருவனுடையது.

ஸ்டேஷன் அதே சாலையில் அரைக் கிலோமீட்டர். காரை ஓட்டிப் போகும்போது சக்கரத்தில் எந்தச் சத்தமும் இல்லை, அவ்வளவு சரியாகப் பொருந்தியிருந்தது. என்ன சொல்வது என்று வாக்கியமாக அடுக்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மாலை நான் பாலத்தைக் கடக்கும்போது என் வண்டியின் வீல் கப் கழன்று விழுந்தது, அது என் கவனக்குறைவு, பின்னால் வந்த ஒருவர் அதன் மேல் ஏறியிருக்கக்கூடும், அவர் குடித்திருந்தார் என்று எழுதியதை மாற்றுங்கள். நாலு வாக்கியம். சாட்சி உண்டா என்பார்கள், மனைவி என்பார். ஏன் நிறுத்தவில்லை என்பார்கள். அங்கேதான் சிக்கியது. லாரி வந்தது. லாரி தூரத்தில் வந்தது. ஏன் நான்கு நாள் கழித்து வந்தீர்கள்? பள்ளிக்கூடத்தில் தெரியும், தலைமை ஆசிரியருக்குத் தெரியும், பையன்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பேர் வைப்பார்கள். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று நேற்று நினைத்தார். வேண்டுமென்று செய்தீர்களா என்று சாமி கேட்பார், இல்லை என்றால் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார், பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைத்தடுப்பைத் தாண்டி அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஸ்டேஷன் வாசலில் புங்கமர நிழல். காரை நிழலில் விட்டார். நிழலில் விட வேண்டும் என்று அந்த நேரத்திலும் தோன்றியதே என்று தன் மேலேயே கசப்பாக வந்தது. உள்ளே வரவேற்பு மேசையில் ஒரு பெண் போலீஸ், நடுத்தர வயது, கனத்த பதிவேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, வெள்ளைச் சட்டையையும் நரைமுடியையும் பார்த்து மரியாதையாக, "உக்காருங்க சார், சொல்லுங்க" என்றார். அந்த மரியாதை அவரை ஒரு அடி பின்னால் தள்ளியது.

உட்காராமல் நின்றபடியே, "ஒரு விஷயம் சொல்லணும்மா" என்றார். "சொல்லுங்க சார்." "செவ்வாக்கிழமை சாயங்காலம் பாலத்து மேல வந்துக்கிட்டிருந்தேன்." "ம்." "என் வண்டியிலேருந்து வீல் கப் கழண்டு விழுந்துருச்சு." அந்த அம்மாள் பேனாவை மூடாமல் காத்திருந்தார். "இடது பின் சக்கரம்" என்றார் இன்னாசிமுத்து. "சரி சார். அதுக்கு?" அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கில் வந்து நின்றது. பின்னால் வந்த ஒருவர். மூன்றே சொல். மின்விசிறி சுற்றுகிற சத்தம், எங்கோ வயர்லெஸ்ஸில் யாரோ யாரையோ அழைக்கிற கரகரப்பு, சுவரில் காணாமல் போனவர்களின் படங்கள், அந்த அம்மாளின் கழுத்தில் வேர்வைக்காக மடித்து வைத்த கைக்குட்டை, எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தன. வாய் திறந்துதான் இருந்தது. அந்த அம்மாள்தான் பேசினார். "காணாமப் போச்சுன்னு கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தீங்களா சார்?" யாராவது இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? அவர் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது, அவர் ஆட்டவில்லை என்று சத்தியம் செய்யலாம். அந்த அம்மாள் எட்டி ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். "இடது பின் சக்கரத்துல இருக்கே சார்?" "இப்பத்தான் வேற மாட்டுனேன்." அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதைக்காக அடக்கப் பார்த்து, முடியாமல், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. பத்து வருஷமா இந்த வேல பாக்கறேன், வீல் கப்புக்குக் கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தது நீங்க ஒருத்தர்தான். இதுக்கெல்லாம் எழுத முடியாது சார். போயிட்டு வாங்க, வெயில் ஏறுது." இன்னாசிமுத்துவும் சிரித்தார். சிரிக்கவேண்டிய இடம் என்பதால் சிரித்தார், ஆனால் ஆரம்பித்த பிறகு அது நிஜமாகவே வந்தது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கட்டியது. அந்த அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் குடித்துவிட்டு, "வரேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். திரும்பிப் போகலாம். இருபது அடி எடுத்து வைத்தால் அந்த மேசை. மறுபடி போய், அம்மா, நான் சொல்ல வந்தது அது இல்லை என்று சொல்லலாம். ஆனால் இனிமேல் சொன்னால் அந்த அம்மாள் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். அது மெதுவாகக் கலைந்து, கண் சுருங்கி, பேனா எழுதத் தொடங்கும். அதைப் பார்க்கத் தன்னால் ஒரு நாளும் முடியாது என்று தெரிந்தது. இன்று முடியாது என்றால் நாளை முடியலாம், ஆனால் ஒரு நாளும் முடியாது என்பதுதான் தெரிந்தது, வகுப்பில் ஒரு விதியைச் சொல்லும்போது எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ அவ்வளவு உறுதியாக. போன் அடித்தது. "சொல்லிட்டீங்களா?" என்றாள் ரெஜினா. பஸ் சத்தம் இல்லை, இறங்கிவிட்டாள். "சொன்னேன்" என்றார். "விழுந்துச்சுன்னு சொன்னீங்களா?" "விழுந்துச்சுன்னுதான் சொன்னேன்." "என்ன சொன்னாங்க?" "போகச் சொல்லிட்டாங்க." ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லிவிட்டு அவரே எடுத்துப் பார்த்தார், விடைத்தாள் திருத்துகிற மாதிரி. ஒன்றில்கூடத் தப்பு இல்லை. மறுமுனையில் ரெஜினா அழுவது கேட்டது. நான்கு நாளாகப் பிடித்து வைத்திருந்த அழுகை. "மாதாவே, மாதாவே" என்றாள். "நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க. உங்களப் பத்தி என்னென்னமோ நெனச்சுட்டேன், மன்னிச்சிருங்க. வாங்க, வெயில்ல நிக்காதீங்க, சோறு வடிச்சு வைக்கறேன்." அவர் சரி என்றார். வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, சாலையில் ஏறினார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவருக்குப் பசிக்க ஆரம்பித்தது.